பச்சைச் சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டுமா?

கேள்வி: டெல்லி ஆர்.கே. புரத்தில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, எடை 20 கிலோ. முதல் 3 நாள் காய்ச்சல் அடித்து நின்றுவிட்டது. இன்று 8ஆம் நாள்; மூக்கிலிருந்து பச்சையாகச் சளி வருகிறது, படுத்தால் இருமுகிறான். மருந்துக் கடையில் கொடுத்த அசித்ரோமைசினை 3 நாள் கொடுத்தும் கேட்கவில்லை. வேறு ஆன்டிபயாடிக் மாற்றலாமா? மாமியார் தினமும் ஆவி பிடிக்க வைக்கிறார், தொடரலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பெரும்பாலும் வைரஸ் சளிதான். அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை ஒன்றும் செய்யாது. டைஃபாய்டுக்கு நம்பிக் கொடுக்கிற மருந்து அது. அதை ஜலதோஷத்துக்கெல்லாம் கொடுத்துப் பழக்கினால், நிஜமாகவே தேவைப்படும் நாளில் வேலை செய்யாது. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

பச்சை நிறம் எப்படி வருகிறது? கிருமியோடு போராட வரும் வெள்ளை அணுக்களுக்குள் பச்சை நிற நொதி ஒன்று உண்டு. அந்த அணுக்கள் மூக்கில் சேர்ந்து சிதையும்போது சளி மஞ்சளாகி, பிறகு பச்சையாகிறது. சாதாரண வைரஸ் சளியிலும் 3, 4 நாளில் இப்படி ஆகும். காலையில் இன்னும் கெட்டியாக வருவது இரவெல்லாம் தேங்கிக் கிடந்ததால். எனவே நிறத்தை விட்டுவிட்டு நாளை எண்ணுங்கள். மூக்கொழுகல் 7 முதல் 10 நாள் இருக்கும். இருமல் 3 வாரம்கூட இழுக்கும். 10 நாள் தாண்டியும் கொஞ்சமும் குறையவில்லை, அல்லது குறைந்து வந்த சளி மறுபடி காய்ச்சலோடு கூடுகிறது என்றால் சைனஸில் பாக்டீரியா தொற்றியிருக்கலாம். அப்போது டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆன்டிபயாடிக் அவசியப்படும் இன்னோர் இடம் தொண்டை. இருமல், மூக்கொழுகல் எதுவும் இல்லாமல் திடீரென்று காய்ச்சல், எச்சில் விழுங்கினாலே வலி, டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கிற நெறிக்கட்டி எல்லாம் சேர்ந்து வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடலாம். இதற்கு முதல் மருந்து பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், 10 நாள். இரண்டு மூன்று நாளிலேயே வலி போய்விடும், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

மறுபடி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போதும். அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் மகனுக்கு 250 மி.கி. சரியாக இருக்கும். இங்கேதான் தவறு நடக்கிறது. சிரப் இரண்டு விதமாக வருகிறது: 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ளது, 250 மி.கி. உள்ளது. முதலாவது என்றால் 10 மி.லி., இரண்டாவது என்றால் 5 மி.லி. ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்து, சமையலறை ஸ்பூனில் ஊற்றாமல் அளவு மூடியில் ஊற்றுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம். நாளுக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

இருமல் சிரப் வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. கலப்படமே இல்லாவிட்டாலும் இந்த வயதில் அவற்றால் பலன் மிகக் குறைவு. படுக்கப் போகும்முன் ஒரு டீஸ்பூன் தேன் கொடுங்கள்; இரவு இருமல் தணியும். (ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது.) மிளகு ரசம், வெந்நீர், கஞ்சி எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆவி பிடிப்பதை நிறுத்திவிடுங்கள். அதனால் சளி சீக்கிரம் குணமாவதில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோகும் ஆபத்து மட்டும் நிச்சயம் உண்டு. மாமியாரின் அக்கறைக்கு வேறு வழி இருக்கிறது: கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து. பையனைப் படுக்க வைத்து, ஒவ்வொரு மூக்குத் துளையிலும் 2, 3 சொட்டு விடச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து, ஒரு துளையை மூடிக்கொண்டு மற்றதைச் சிந்தட்டும். மூக்கு திறந்தால் தூங்கிவிடுவான்.

டெல்லியில் ஐப்பசி, கார்த்திகைப் புகையும் இருமலை நீட்டிக்கும். காய்ச்சல் இல்லாமல் அடுக்குத் தும்மல், மூக்கரிப்பு, கண்ணெரிச்சல் இருந்தால் கிருமியைவிடப் புகைமேலும் ஒவ்வாமைமேலும்தான் சந்தேகம் வர வேண்டும். குணமாகும்வரை வீட்டுக்குள் ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் வேண்டாம்.

மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இவன் வயதில் 30ஐத் தாண்டினாலோ, விலா எலும்புக்கு நடுவே உள்வாங்கினாலோ, இழுப்புச் சத்தம் கேட்டாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிட்டாலோ, உதடு நீலமானாலோ, எழுப்ப முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.