மெட்டல் டி-சர்ட்: கேள்வி பதில்

பேண்ட் டி-சர்ட், பேட்ச் ஜாக்கெட், அச்சு, துணி பற்றிக் கேளுங்கள். எந்த கிடார் வாங்கலாம் என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடையாது.

கே: ஒரு டெத் மெட்டல் டி-சர்ட். 1991 டூரில் விற்ற ஒரிஜினல் என்று ஒன்பதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கையிலும் அடியிலும் ஒற்றைத் தையல்தான். வாங்கலாமா அண்ணே? (சேலம்)

தையலை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்க டி-சர்ட்டுகள் 90களின் நடுவாக்கில்தான் பெரும்பாலும் இரட்டை ஊசித் தையலுக்கு மாறின. அதனால் ஒற்றைத் தையல் என்றாலே பழசு என்ற பேச்சு வந்துவிட்டது. அது துணியின் வயதைத்தான் சொல்லும், அச்சின் வயதைச் சொல்லாது. அந்தக் காலத்தில் விற்காமல் தங்கிய வெற்று டி-சர்ட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. அதில் போன வாரம் அச்சடித்தாலும் தையல் ஒற்றைதான். புதுத் துணியை ஒற்றை ஊசியில் மடித்துத் தைப்பதும் பெரிய வித்தை இல்லை.

கழுத்து லேபிளும் அப்படியே. பிராக்கம், ஜயன்ட், ப்ளூ கிரேப், ஸ்கிரீன் ஸ்டார்ஸ் என்று கேட்கிற லேபிளையெல்லாம் போலியாக அடித்துத் தருகிறார்கள். லேபிளில் ஆர்என் எண் இருந்தால், அது அமெரிக்க வர்த்தக ஆணையம் கம்பெனிக்குக் கொடுத்தது. கம்பெனி எது என்று தெரியும், வருஷம் தெரியாது. படத்துக்குக் கீழே இருக்கும் பதிப்புரிமை ஆண்டை நம்பியும் பலர் ஏமாறுகிறார்கள். 2015இல் மறுபடி அச்சடித்தாலும் அதே 1991தான் இருக்கும்.

எல்லா அடையாளமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதுகில் உள்ள டூர் தேதிகளை அந்த பேண்ட் உண்மையில் வாசித்த நிகழ்ச்சிகளோடு ஒப்பிடுங்கள். லோகோவைப் பாருங்கள். உதாரணத்துக்கு, டெத் (Death) என்ற பேண்டின் லோகோவில் ஆரம்பத்தில் தலைகீழ்ச் சிலுவையாக இருந்த 'T' எழுத்து பிற்காலத்தில் சாதாரண 'T' ஆகிவிட்டது. 1987இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் படத்தோடு பிற்கால லோகோ இருந்தால் அது மறுபதிப்பு. துணி வெளுத்து, கழுத்து தளர்ந்து, அச்சு மட்டும் பளபளவென்று இருந்தால் விலகிவிடுங்கள். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது அச்சு முழுக்கப் பொடிப் பொடியாக இங்க்ஜெட் புள்ளி தெரிந்தால் அது டிடிஜி, அதாவது துணியில் நேரடியாக அடிக்கும் பிரிண்டர் வேலை. 1991இல் அப்படி ஒரு பிரிண்டர் விற்பனையிலேயே இல்லை.

லேபிளின் இரண்டு பக்கம், அடித்தையலின் உள்பக்கம், அச்சின் கிட்டப்படம், அக்குளிலிருந்து அக்குள் வரை டேப் வைத்த படம். இந்த நான்கையும் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் ஒன்பதாயிரம் உங்களிடமே இருக்கட்டும்.

கே: கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனால் கட்சிக்காரனா என்று கேட்கிறார்கள். (ஈரோடு)

நெஞ்சில் மண்டையோடு பெரிதாக இருக்கிற மாதிரி வாங்குங்கள். கேட்க மாட்டார்கள்.

கே: பழைய கறுப்பு டி-சர்ட் ஒன்று, பீரோவில்தான் இருந்தது. போட்டுப் பார்க்கும்போது தோளில் காகிதம் மாதிரி கிழிந்துவிட்டது. பூச்சியா? (நாகர்கோவில்)

பூச்சி இல்லை, சாயம். அந்தக் காலத்துக் கறுப்பில் பெரும்பகுதி சல்ஃபர் கறுப்பு. விலை மலிவு, நிறம் ஆழம். சாயத்தில் இருக்கும் கந்தகம் சூட்டிலும் ஈரக்காற்றிலும் மெல்ல ஆக்ஸிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. அமிலம் பருத்தி இழையை உள்ளிருந்தே அறுத்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, போடும்போதுதான் தெரியும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி வைத்தால் இன்னும் மோசம்.

வாங்குவதற்கு முன் அடிமடிப்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்து, காதருகே வைத்து லேசாக இழுங்கள். சரசரவென்று சின்ன வெடிப்புச் சத்தம் கேட்டால் துணி போய்விட்டது. சட்டம் போட்டு மாட்டலாம், உடுத்த முடியாது. கழுத்தில் இழுத்துப் பார்க்காதீர்கள், அங்கேயே கிழியும்.

சத்தம் இல்லையென்றால் தள்ளிப்போட வழி உண்டு. பத்து லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஆப்பசோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். முறுக்காமல் பிழிந்து நிழலில் படுக்கப்போட்டுக் காயவிடுங்கள். அமிலம் முறியும். அறுந்த இழை திரும்ப ஒட்டாது. வருஷத்துக்கு ஒரு முறை செய்தால் போதும்.

கே: என்னிடம் இருப்பது ஒற்றைத் தையல். எந்த வருஷம் என்று சொல்ல முடியுமா? (தஞ்சாவூர்)

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: எங்கள் பேண்டுக்கு 50 டி-சர்ட் போடுகிறோம். கறுப்புத் துணி, வெள்ளை லோகோ, நடுவில் சிவப்புப் படம். திருப்பூரில் என்ன சொல்லிக் கேட்பது? (சென்னை)

துணியிலிருந்து ஆரம்பியுங்கள். 24 கவுண்ட் காட்டன், சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்), பயோ வாஷ் (மேல் பஞ்சு நீக்கியது), காம்பேக்டிங் (பிறகு சுருங்காதபடி இறுக்கியது) ஆனது. 30 கவுண்ட் நூல் இன்னும் மெல்லிசு, 140, 150 ஜிஎஸ்எம்தான் வரும். மெட்டல் ரசிகர் கையில் எடுத்ததும் முகம் சுளிப்பார். பாலியெஸ்டர் கலந்த துணி மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அச்சைச் சூடாக்கும்போது பாலியெஸ்டர் சாயம் ஆவியாகி மேலே ஏறி, வெள்ளை அச்சு சாம்பல் நிறமாகிவிடும்.

அச்சுக்கு பிளாஸ்டிசால், அதாவது சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் மை. கறுப்பில் சிவப்பை நேரடியாக அடித்தால் செங்கல் நிறமாகிவிடும். முதலில் வெள்ளை அண்டர்பேஸ் (அடிப்பூச்சு), ஃபிளாஷ் (சூடு காட்டி அரைகுறையாக உலர்த்துவது), அதன் மேல் சிவப்பு. அண்டர்பேஸைச் சிவப்பைவிட ஒரு பாயின்ட் உள்ளே இழுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். அண்டர்பேஸுக்கு 110 மெஷ் ஸ்கிரீன் (அங்குலத்துக்கு 110 இழை), புள்ளிகளால் நிழல் காட்டும் ஹாஃப்டோன் படத்துக்கு 230. ஹாஃப்டோன் புள்ளிகள் 45 முதல் 55 எல்பிஐ வரை (அங்குலத்துக்கு இத்தனை வரிசை). அதைவிடப் பொடியாக வைத்தால் மெஷ்ஷில் புள்ளி நிற்காது. கோணம் 22.5 டிகிரி.

பிளாக் மெட்டல் லோகோவில் வேர் மாதிரி ஓடும் கோடுகள்தான் தலைவலி. ஒரு பாயின்ட்டுக்குக் குறைந்த கோடு வெள்ளை மையில் விட்டுவிட்டு விழும். அதுபோன்ற இடங்களை டிசைனிலேயே கொஞ்சம் தடிப்பாக்குங்கள்.

கடைசியில் சூடு. மை முழுத் தடிமனும் 160 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும், மேற்பரப்பு மட்டும் எட்டினால் போதாது. அவசரத்துக்கு கன்வேயரை வேகமாக ஓட்டுவார்கள், நான்காவது துவைப்பில் உரியும். முதல் டி-சர்ட் ஆறியதும் அச்சை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் வேகவில்லை. மீதி 49ஐ ஓட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

தொட்டால் அச்சே தெரியக்கூடாது என்றால் டிஸ்சார்ஜ், அதாவது துணியின் சாயத்தையே வெளுக்கச் செய்யும் மை. அது நூறு சதம் காட்டனாக, டிஸ்சார்ஜுக்கு வெளுக்கும் ரியாக்டிவ் சாயத்தில் போட்டதாக இருக்க வேண்டும். கலந்த மை அன்றைக்கே தீர வேண்டும், மறுநாளைக்கு வேலை செய்யாது. ஒரு முறை துவைத்த பிறகே உடுத்தச் சொல்லுங்கள், நாற்றமும் ஃபார்மால்டிஹைடும் அதில்தான் போகும்.

கே: கறுப்பு நிற்க உப்பிலோ வினிகரிலோ ஊறவைக்கலாமா? (கடலூர்)

பயனில்லை. சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, வீட்டு வாளியில் கிடையாது. உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், நிழலில். பார் சோப்பும் பிரஷ்ஷும் அச்சில் படக்கூடாது. இஸ்திரிப் பெட்டியை அச்சின் மேல் வைத்தால் பிளாஸ்டிசால் இளகிப் பெட்டியோடு வரும்.

கே: கிடைக்கவே கிடைக்காத டி-சர்ட்டை நாமே அடித்து நண்பர்கள் பத்துப் பேருக்கு அடக்க விலையில் கொடுத்தால் என்ன தப்பு? பேண்டே கலைந்துவிட்டது. காசு யாருக்கும் போகப்போவதில்லை. (மதுரை)

யாருக்கும் போகாது என்று எப்படித் தெரியும்? டெத் பேண்டை நடத்திய சக் ஷுல்டினர் 2001இல் இறந்தார். டெத் டி-சர்ட்டுகள் அதிகாரபூர்வமாக இன்றும் விற்கின்றன. படம் பல சமயம் பேண்டுடையதே இல்லை, ஓவியருடையது. மார்பிட் ஏஞ்சல், என்டூம்ட் ஆல்பங்களுக்கு வரைந்த டான் சீக்ரேவ் தன் ஓவியங்களின் பிரதிகளை இன்றும் விற்கிறார். நம் நாட்டுச் சட்டத்தில் ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு.

கே: 80களில் கேசட் நகல் எடுத்து உலகம் முழுக்கத் தபாலில் அனுப்பினார்களே, அதுவும் பூட்லெக்தானே (அனுமதியில்லாத நகல்)? (திருச்சி)

டெமோ கேசட்டை நகல் எடுத்துப் பரப்பச் சொன்னதே பேண்டுகள்தான். அது பண்டமாற்று. நீ ஒன்று அனுப்பு, நான் ஒன்று அனுப்புகிறேன். அதில் காசு பார்த்தவனுக்கு அந்த வட்டத்தில் மரியாதை இருந்ததில்லை.

கே: நானும் காசு பார்க்கவில்லையே! அடக்க விலை என்றுதானே சொன்னேன். (மதுரை, மறுபடி)

சரி, லாபம் உங்களுக்கு இல்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரும் இனி ஒரிஜினல் வாங்க மாட்டார்கள். அண்டர்கிரவுண்ட் பேண்ட் 100 டி-சர்ட் போட்டால் அதில் பத்து என்பது சின்னக் கணக்கா? பேண்டுகள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் விற்றால் அவர்கள் பத்து சதம் எடுத்துக்கொள்வார்கள், மீதியில் பெரும்பகுதி பேண்டுக்கு. அடுத்த ரெக்கார்டிங் அந்தக் காசில்தான் நடக்கிறது. முதலில் பேண்டுக்கோ அவர்கள் ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனிக்கோ ஒரு மெயில் போடுங்கள். பெட்டியில் பழைய ஸ்டாக் இருக்கும், அல்லது நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். இரண்டுமே நடக்கிறதுதான்.

கே: மதுரைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் டி-சர்ட்டைவிடத் தபால் செலவு அதிகம். (விழுப்புரம்)

அதிகம்தான். ஐந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழையுங்கள். கஸ்டம்ஸ் வரியையும் பங்கு போடுங்கள். தபால் செலவு எப்படிப் பூட்லெக்குக்கு நியாயமாகும்? இந்த வழக்கு இத்தோடு முடிந்தது.

கே: ஒரு ரீசேர்ட் வாங்கினேன். லோகோ மரக்கிளை மாதிரி இருக்கு, பேரை வாசிக்க ஏலாமல் இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது அண்ணா? (கொழும்பு)

இத்தகைய லோகோ பெரும்பாலும் இடவல ஒற்றுமையோடு வரையப்படும். நடுவில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அலங்காரத்துக்காக நீட்டிய வேர்களையும் தலைகீழ்ச் சிலுவையையும் கண்ணால் கழித்துவிட்டு முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பிடியுங்கள். எம்பரர் என்ற பிளாக் மெட்டல் பேண்டின் லோகோவை வரைந்த பெல்ஜியக்காரர் கிறிஸ்டோஃப் ஷ்பைடெலின் மற்ற லோகோக்களைப் பார்த்துப் பழகினால் கண் பிடிபடும். முடியாவிட்டால் படத்தை வைத்துத் தேடிவிட்டு, மெட்டல் பேண்டுகளின் விவரம் உள்ள மெட்டல் ஆர்கைவ்ஸ் இணையதளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அங்கேயே பாடல்களின் கருப்பொருள் என்ற வரியையும் படியுங்கள். இதை எல்லோருக்கும் சொல்கிறேன்: பெயர் தெரியாத பேண்டை உடம்பில் போடாதீர்கள். பிளாக் மெட்டலில் நாஜிக் கொள்கை பேசும் பேண்டுகள் இருக்கின்றன. பன்னிரண்டு ஆரம் உள்ள கருஞ்சூரியன் சின்னம் அழகான கோலம் மாதிரி இருக்கும். அது நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லரின் வெவல்ஸ்பர்க் கோட்டைத் தரையிலிருந்து வந்தது, நவ நாஜிகள் அதைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் நடக்கும் வாக்கன் மெட்டல் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பெட்டியை இன்னொரு தடவை பாருங்கள். ஜெர்மனியில் ஸ்வஸ்திகா, எஸ்எஸ் சின்னங்கள் குற்றவியல் சட்டத்தில் வருகின்றன.

கே: ஒற்றைத் தையல், ஜயன்ட் லேபிள். ஒரிஜினல்தானே? (வேலூர்)

சேலம். சேலம். சேலம்.

கே: ஜீன்ஸ் ஜாக்கெட்டில் பேட்ச் தைக்க எது நல்ல நூல்? பின்னால் பெரிய பேட்ச் எங்கே வரவேண்டும்? (புதுச்சேரி)

முதலில் ஜாக்கெட்டை இரண்டு முறை துவைத்துச் சுருங்கவிடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் பேட்ச் உப்பிக்கொள்ளும். பெரிய பேட்ச்சின் மேல் விளிம்பு தோள்பட்டைக் குறுக்குத் தையலுக்கு ஒரு விரல் கீழே. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இன்னொருவரைக் குண்டூசி குத்தச் சொல்லுங்கள், மேஜையில் விரித்துக் குத்தினால் கோணும். நூல் பாலியெஸ்டர், இரட்டையாக. பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு பூசிய நூல் (டென்டல் ஃப்ளாஸ்) பலம்தான், கறுப்பு விளிம்பில் வெள்ளையாகத் தெரியும். மெஷினில் தைத்தால் 16ஆம் நம்பர் ஜீன்ஸ் ஊசி. பாக்கெட் மேல் பேட்ச் வந்தால் உள்ளே அட்டையை நுழைத்துக்கொண்டு மேல் துணியை மட்டும் பிடித்துத் தையுங்கள், இல்லையென்றால் பாக்கெட் மூடிக்கொள்ளும்.

கே: தைக்க நேரம் இல்லை. ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிவிடலாமா? (புதுச்சேரி, அவருடைய நண்பர்)

கூடாது. துணியில் ஊறிக் கல்லாக இறுகும், மடியும் இடத்தில் உடையும். கறையும் போகாது, பிறகு அந்த இடத்தில் ஊசியும் இறங்காது. பருத்தித் துணியில் கொட்டினால் சூடு கிளம்பிக் கையைச் சுடும். நான்கு மூலையிலும் நான்கு தையல் போட்டுவிட்டு ஷோவுக்குப் போங்கள். மீதியை வந்து தைக்கலாம்.