ரேட் கிடக்கட்டும், பணம் யார் பெயரில் இறங்குகிறது?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 26 வயது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சம்பளம் 5,000 திர்ஹாம், அதில் பேசிக் 2,500. பெட் ஸ்பேஸ், மெஸ், போன், பஸ் எல்லாம் போக மாதம் 3,000 மிஞ்சுகிறது. காலேஜ் படிக்கும்போது ஊரில் ஆரம்பித்த என் சேவிங்ஸ் கணக்குக்கே அதை அனுப்புகிறேன். ஏடிஎம் கார்டு அப்பாவிடம் இருக்கிறது. மாதத்தில் எந்த நாளில் அனுப்பினால் நல்ல ரேட் கிடைக்கும்? உண்டியலில் (பேங்க் வழியில்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்புவது) போட்டால் மணி எக்சேஞ்சைவிட 20 பைசா கூடக் கிடைக்கும், வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்கிறார் ரூமில் ஒருவர். அவரே, தன் அவசரத்துக்கு என் பெயரில் ஒரு லோன் எடுத்துத் தரச் சொல்கிறார். தவணையை அவர் கட்டிவிடுவாராம். ஊரில் இரண்டு ஏக்கர் கரிசல் நிலம் விலைக்கு வருகிறது, உன் பெயரிலேயே முடித்துவிடலாம் என்று சித்தப்பா நெருக்குகிறார். ஊர் சிம் வேறு நின்றுபோய் பேங்க் ஓடிபி வருவதில்லை.
— பெயர் வேண்டாம், ஷார்ஜா

பதில்: தம்பி, ரேட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் நினைப்பதைவிட அது சின்னக் கணக்கு.

1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் திர்ஹாம் ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று ரூமில் நடக்கும் பேச்செல்லாம் உண்மையில் நம் ரூபாய் டாலரிடம் படும் பாடுதான். அது நாளைக்கு எப்படி இருக்கும் என்று பெரிய பெரிய பேங்க்குகளே அடித்துச் சொல்வதில்லை. மேல் கட்டிலில் படுத்திருப்பவர் சொல்கிறார்! நீங்கள் அனுப்பும் 3,000 திர்ஹாமில் பத்துப் பைசா வித்தியாசம் என்றால் 300 ரூபாய். அது பணமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காகப் பதினைந்து நாள் காத்திருந்து, அதற்குள் வீட்டில் நகைக்கடன் வட்டி ஏறினால் என்ன லாபம்?

பலகையில் எழுதியிருக்கும் ரேட்டைப் பார்த்து வரிசையில் நிற்காதீர்கள். எக்சேஞ்சிலும் சரி, பேங்க் ஆப்பிலும் சரி, ஒரே கேள்வி கேளுங்கள்: "நான் 3,000 தருகிறேன், ஊரில் எத்தனை ரூபாய் விழும்?" ரேட், சர்வீஸ் சார்ஜ், அந்தச் சார்ஜ் மேல் 5 சதவீத வாட் எல்லாம் அந்த ஒரு பதிலுக்குள் வந்துவிடும். சார்ஜ் இல்லை என்பவர் ரேட்டில் எடுத்திருப்பார். எக்சேஞ்சுகளில் ஒரு தடவைக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் சார்ஜ் என்பதால், ஆயிரம் ஆயிரமாக மூன்று தடவை அனுப்பினால் மூன்று சார்ஜ். ஆகவே சம்பளம் வந்த வாரத்திலேயே அனுப்புங்கள். எந்த நாள் நல்ல நாள் என்ற கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கம் கெட்டது வேறொரு வரியில். "என் சேவிங்ஸ் கணக்குக்கே அனுப்புகிறேன்." அந்தக் கணக்கை நீங்கள் இப்போது அப்படியே வைத்திருக்கக் கூடாது. வருடத்தில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தோம் என்று பார்க்கும் 182 நாள் கணக்கை ரூமில் சொல்லியிருப்பார்கள். அது வருமான வரிக்கு. அந்நியச் செலாவணிச் சட்டத்தில், அதாவது ஃபெமாவில், வேலைக்கென்று வெளிநாடு கிளம்பிவிட்டால் அப்போதிலிருந்தே நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுவீர்கள். பழைய சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் ஊர்ப் பணத்துக்கு வைத்திருக்கும் கணக்காக, மாற்றச் சொல்லி பேங்க்குக்கு எழுத வேண்டும். சம்பளத்தை அனுப்புவதற்குப் புதிதாக ஒரு என்ஆர்இ கணக்கு, அதாவது வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ரூபாயில் போட்டு வைக்கும் கணக்கு, ஆரம்பிக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி, அங்குள்ள முகவரிக்கு ஒரு சான்று, போட்டோ — பொதுவாக இவ்வளவுதான் கேட்பார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் வட்டி வரும்போது தெரியும். என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதத்தைப் பிடித்து, அதன் மேல் செஸ்ஸும் சேர்த்து, 31.2 சதவீதம் போய்விடும். என்ஆர்இ பணத்தை எப்போது வேண்டுமானாலும் ஷார்ஜாவுக்கே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என்ஆர்ஓ பணத்துக்கு வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரம்பு உண்டு. அந்த வரம்பு உங்களையும் என்னையும் எந்நாளும் தொடப்போவதில்லை, ஆனால் அதற்கான காகித வேலை தொடும். இந்த எட்டு மாதம் பழைய கணக்கில் சேர்ந்த பணத்தை என்ஆர்இக்கு மாற்றுகிறேன் என்று அலையாதீர்கள். வீட்டுச் செலவுக்கே விட்டுத் தீர்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்த ஏடிஎம் கார்டு. அப்பாவைக் குறை சொல்லவில்லை. கார்டும் பின் நம்பரும் அப்பாவிடம், கணக்கு உங்கள் பெயரில், ஓடிபி போகும் சிம்மோ யாரிடமும் இல்லை! 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணைக் கம்பெனி நிறுத்திவிடலாம். நிறுத்திய எண்ணைப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்தும்விடுவார்கள். அந்த வேறொருவரின் போனில் உங்கள் ஓடிபி விழும் நாளை யோசித்துப் பாருங்கள். மற்ற வேலைகள் ஒரு மாதம் தள்ளிப்போகலாம், இது கூடாது. இந்த வாரமே பேங்க்கைத் தொடர்புகொண்டு அந்த எண்ணைக் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். புதுக் கணக்குக்கு உங்கள் ஷார்ஜா எண்ணையே கொடுக்கலாம். 2023 முதல் எமிரேட்ஸ் எண்ணை வைத்து என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் யுபிஐயும் செய்யலாம். ஆனால் ஆதாருக்கு ஊர் எண் வேண்டும். அதனால் லீவில் போகும்போது புது சிம் வாங்கி ஆதாரில் சேர்த்து, ரோமிங் போட்டு எடுத்து வாருங்கள். அவ்வப்போது ரீசார்ஜ் செய்யுங்கள். அதில் யாராவது கூப்பிட்டால் எடுத்துவிடாதீர்கள், பில் தீட்டிவிடுவார்கள்.

வீட்டுக்கு வேண்டியதை எப்படிக் கொடுப்பது? அப்பாவின் சொந்தக் கணக்குக்கு மாதாமாதம் அனுப்புங்கள். மகன் அப்பாவுக்குக் கொடுப்பது எவ்வளவானாலும் அவருக்கு அதில் வரி இல்லை. ஆனால் அனுப்பிய நிமிடத்திலிருந்து அது அப்பாவின் பணம். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

நானும் ஷார்ஜாவில், ரோலா பகுதியில் பதினொரு வருடம் இருந்தவன். சம்பாதித்ததில் பெரும்பகுதியை அப்பா பெயரிலேயே டெபாசிட்டாகப் போட்டு வைத்தேன். அப்பா திடீரென்று போய்விட்டார். நாமினி எழுதவில்லை. நான் அனுப்பிய பணத்தை நானே வாங்க வாரிசுச் சான்றிதழ் எடுத்து, பேங்க்குக்கு ஒன்பது மாதம் நடந்தேன். அக்காவும் தங்கையும் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தங்கை வீட்டுக்காரர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தலை நிமிராமல் கேட்டார், "மச்சான், இது மாமா பணந்தானே?" எனக்குச் சோறு இறங்கவில்லை. சட்டப்படி பார்த்தால் அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

இனி சித்தப்பாவின் இரண்டு ஏக்கர். வெளிநாடுவாழ் இந்தியர் ஊரில் வீடு வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இவற்றை விலைக்கு வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கரிசல் காடு விவசாய நிலம். உங்கள் பெயரில் முடிக்க முடியாது. சித்தப்பாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம், கோபப்படாமல் சொல்லுங்கள். "அப்படியானால் என் பெயரில் வாங்குவோம், நீ திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்" என்ற அடுத்த யோசனை நிச்சயம் வரும். அதற்கு என் தங்கை வீட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

உண்டியலில் 20 பைசா கூடக் கிடைத்தால் மாதம் 600 ரூபாய் லாபம். எங்கள் காலத்திலும் இருந்தது. சொன்ன நேரத்துக்கு வீட்டு வாசலில் வந்து எண்ணிக் கொடுப்பார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அது ஃபெமாவில் குற்றம். அதைவிட, கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. கொண்டுவந்து கொடுக்கிறவரின் நோட்டு எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஐந்து வருடம் கழித்து மனை வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஷார்ஜாவில் உழைத்தேன் என்று வாயால் சொன்னால் போதாது. எக்சேஞ்ச் ரசீதும் என்ஆர்இ ஸ்டேட்மென்ட்டும்தான் பேசும். அந்த 600 ரூபாயை விட்டுவிடுங்கள்.

ரூம்மேட் லோன் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். முடியாது என்று சொல்லிவிடுங்கள். லோனுக்குக் குறைந்தது 5,000 சம்பளம் என்று பல பேங்க்குகள் நெடுநாளாகக் கோடு போட்டு வைத்திருந்தன. நீங்கள் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறீர்கள். அவர் உங்களிடம் வந்து நிற்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். அங்குள்ள மத்திய வங்கி விதிப்படி பர்சனல் லோன் சம்பளத்தில் 20 மடங்கு வரை போகலாம், 48 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும். உங்களுக்கு அது ஒரு லட்சம் திர்ஹாம் வரை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு வேலை போய் ஊருக்குக் கிளம்பினால், தவணை யார் சம்பளத்தில் பிடிப்பார்கள்? லீவில் போனவர் திரும்பி வராத கதை ரோலாவில் பில்டிங்குக்கு ஒன்று உண்டு. 10,000 திர்ஹாமுக்குக் குறையாத கடன் நின்றால், கொடுத்தவர் கோர்ட்டில் உங்களுக்குப் பயணத் தடை கேட்கலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று டிக்கெட் போட்டுக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போய், அங்கே கவுன்டரில்தான் தெரியவரும். உதவ மனமிருந்தால் ஒரு 500 திர்ஹாமைக் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள். மால் வாசலில் கிரெடிட் கார்டு விற்க நிற்கும் பையன்களிடமும் இதே உஷார் வேண்டும். அந்தக் கார்டுகளில் பாக்கி வைத்தால் வட்டி மாதத்துக்கே 3 சதவீதத்தை ஒட்டி ஓடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் கிராசரியில் பற்று எழுதுகிற வழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அங்கே கையில் கொஞ்சம் வேண்டும் தம்பி. 3,000ல் 1,500 அப்பாவுக்கு, 1,000 என்ஆர்இயில், 500 ஷார்ஜாவிலேயே என்று வைத்துப் பாருங்கள். வேலை போனால் முதலில் கைகொடுப்பது அந்த 500தான். வேலையிழப்புக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2023 முதல் கட்டாயம், உங்கள் பேசிக்குக்கு மாதம் 5 திர்ஹாம்தான், எடுக்காவிட்டால் 400 அபராதம். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கட்டியிருந்தால், உங்கள் தப்பில்லாமல் வேலை போகும்போது பேசிக்கில் 60 சதவீதம், அதாவது மாதம் 1,500, மூன்று மாதம் வரை வரும். நீங்களாக ராஜினாமா செய்தால் வராது. வேலையை விட்டுக் கிளம்பும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டியும் பேசிக்கை வைத்துத்தான்: ஒரு வருடம் முடிந்த பிறகு, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக். உங்களுக்கு வருடம் 1,750 திர்ஹாம். அடுத்த சம்பள உயர்வில் அலவன்ஸைக் கூட்டுகிறேன் என்றால், பேசிக்கில் கூட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக அப்பா. கணக்கை மாற்றுகிறேன், கார்டு இனி செல்லாது என்றால் அவருக்கு எங்கோ குத்தும். எட்டு மாதமாக அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஜாருக்குப் போய் வருவதில் அவருக்கு ஒரு மிடுக்கு இருந்திருக்கும். "கார்டைக் கொடுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விதிப்படி வேறு கணக்கு வேண்டும், பழையதை மாற்றியாக வேண்டும் என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. புதுக் கணக்கில் உங்களை நாமினியாகப் போடப்போகிறேன், உங்கள் பெயரை ஆதாரில் இருக்கிறபடியே எழுதி அனுப்புங்கள் என்று கேளுங்கள். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்று அரை மணி நேரம் பேசுவார், பேசட்டும். அவர் கணக்குக்கு யாரை நாமினியாகப் போட்டிருக்கிறார் என்பதை அந்தப் பேச்சிலேயே கேட்டுவிடலாம். கணக்கு வந்ததும் முதல் தடவை 100 திர்ஹாம் மட்டும் அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று பார்த்த பிறகு, மீதியை.