கூட்டம் கூட்ட முடியாத நாளில் மக்கள் கருத்தைக் கேட்பது எப்படி?

கேள்வி: மதுரையில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. பாதாளச் சாக்கடை, கண்மாய் சீரமைப்பு, குடியிருப்பு மாற்றம் போன்ற திட்டங்களுக்காக மக்களைக் கூட்டி, விளக்கிச் சொல்லி, கருத்துக் கேட்டு அறிக்கை தருகிறோம். 2020 ஊரடங்கில் எல்லாவற்றையும் ஜூமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் மாற்றினோம். நேரில் நூறு பேர் வரும் வார்டில் ஜூமில் பதினைந்து பேர்கூடச் சேரவில்லை. சேர்ந்தவர்களும் எப்போதும் பேசுகிறவர்கள்தான். இப்போது டெண்டர்களில், ‘பொதுக்கூட்டம் நடத்த முடியாத நிலை வந்தால் மாற்று ஏற்பாடு என்ன?’ என்று கேட்கிறார்கள். என்ன எழுதலாம்? நிஜமாகவே அப்படி வந்தால் என்ன செய்யலாம்?

பதில்: ஆள் குறைந்ததற்கு நெட் கிடைக்காதது மட்டும் காரணமில்லை. ஒரு வார்டு கூட்டம் ஒரே மூச்சில் ஐந்து வேலை செய்கிறது. திட்டத்தைச் சொல்கிறது, கேள்விகளை வாங்குகிறது, அடுத்த தெருக்காரர் என்ன நினைக்கிறார் என்று காட்டுகிறது, பேசியதைப் பதிவாக்குகிறது, அதிகாரியை எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்ல வைக்கிறது. ஜூம் இதில் முதல் வேலையைச் சுமாராகச் செய்யும், மற்றவற்றை அரைகுறையாகச் செய்யும். அதனால் டெண்டரில் ‘கூட்டங்களை இணையவழியில் நடத்துவோம்’ என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். ஐந்து வேலைகளையும் பிரித்து, எது எந்த வழியில், யார் மூலம், எத்தனை நாளில் நடக்கும் என்று எழுதுங்கள்.

முதலில், மாற்று ஏற்பாட்டுக்கே இடமில்லாதவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதை நடத்துவது அரசுத் தரப்பு, உங்கள் நிறுவனம் அல்ல. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீட்டிலும் பொது விசாரணை உண்டு. கிராம சபைத் தீர்மானம் கிராம சபையில்தான் நிறைவேற முடியும். 2020 அக்டோபர் 2 கிராம சபை கொரோனாவைக் காரணம் காட்டித் தமிழ்நாட்டில் ரத்தானபோது அதற்கு ஈடாக எந்த வாட்ஸ்அப் வாக்கெடுப்பும் நிற்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் நீங்கள் எடுக்கும் போன் கருத்துகள் துணை ஆவணம் மட்டுமே. ‘இந்தப் பகுதி தள்ளிவைக்கப்படும்’ என்று வெளிப்படையாக எழுதுவதே நல்லது. உலக வங்கி நிதியில் நடக்கும் திட்டமானால் இது இன்னும் சுலபம்: 2020 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட குறிப்பே, தள்ளிவைக்கக்கூடியதைத் தள்ளிவையுங்கள், இணையம் இல்லாதவர்களை வானொலி, தொலைபேசி, தபால் வழியாகச் சென்றடையுங்கள் என்றுதான் சொல்கிறது.

இனி, போன் பதிவேடு. இது இருந்தால் மற்ற எல்லாம் நடக்கும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. ஊரடங்கு அறிவித்த பிறகு உட்கார்ந்து தயாரிக்க முடியாது. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு வந்தது, நள்ளிரவில் ஊரடங்கு தொடங்கிவிட்டது. எனவே ஒவ்வொரு திட்டத்திலும் முதல் நேர்க்கூட்டத்திலேயே, சம்மதம் வாங்கிக்கொண்டு, எண்களைச் சேகரியுங்கள். 1,200 வீடுள்ள வார்டு என்றால் நாற்பது வீட்டுக்கு ஒருவர் வீதம் முப்பது தெருப் பொறுப்பாளர்கள், அதற்கு மேல் நானூறு வீட்டு எண்கள் கையில் இருந்தால் போதும். எண்ணோடு இன்னும் மூன்று விவரம் கேளுங்கள்: பட்டன் போனா, டச் போனா? போன் பகலில் யார் கையில் இருக்கும்? எந்த நேரத்தில் பேச முடியும்? தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேரிடம் சொந்தமாகப் பயன்படுத்தும் மொபைல் இருந்தது. இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்தியவர்கள் 47 சதவீதம்தான். ஆண்களில் அது 70. ஜூமில் பெண்கள் குறைவாகச் சேர்வதும் போனில் அவர்களைப் பிடிக்க முடிவதும் ஏன் என்று இந்த எண்களே சொல்லிவிடும். வீட்டில் இருந்த ஒரே டச் போன் 2020இல் காலை முழுக்கப் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் மாட்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களின் எண்ணை வீட்டு ஆண்கள் மூலம் வாங்காமல் மகளிர் சுயஉதவிக் குழு மூலம் வாங்குவது நல்லது. அப்படி வாங்கினால்தான் அது உண்மையிலேயே அவர்கள் எண்ணாக இருக்கும்.

செய்தி சொல்வதற்குக் காகிதம்தான் முதல். ஏ3 அளவில் தெரு வரைபடம் ஒன்று, அதில் சர்வே எண் வேண்டாம். ரேஷன் கடை, பிள்ளையார் கோயில், டீக்கடை, மேல்நிலைத் தொட்டி என்று அடையாளம் போட்டு, குழாய் போகும் பாதையைத் தடித்த கோடாக வரையுங்கள். பின்பக்கத்தில் என்ன வேலை, எத்தனை நாள், தெரு எப்போது தோண்டப்படும், யாரைக் கூப்பிட வேண்டும். போனில் பேசும்போது வரைபடம் உங்கள் ஆள் கையிலும் வீட்டுக்காரர் கையிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘எங்க வீட்டு வாசலா, எதிர்ப்பக்கமா?’ என்ற ஒரு கேள்வியிலேயே பத்து நிமிடம் போய்விடும். வீடுகளில் போட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் பேசத் தொடங்குங்கள். கூடவே ஆட்டோவில் ஒலிபெருக்கி. தண்டோரா வேண்டாம், 2022இல் அரசே அதைத் தடைசெய்துவிட்டது.

குறுஞ்செய்தி அனுப்புவதாக இருந்தால் தமிழில் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான் இடம். அந்த 70 நாம் எண்ணும் கணக்கு அல்ல, கணினியின் கணக்கு: கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி. ‘கூட்டம்’ என்பது அங்கே ஏழு. 70ஐத் தாண்டினால் செய்தி உடைந்து, துண்டுக்கு 67 என்று கணக்காகும். கட்டணமும் அதற்கேற்ப ஏறும். மொத்தமாக அனுப்ப அனுப்புநர் பெயரும் செய்தி வடிவமும் டிஎல்டி தளத்தில் (மொத்தக் குறுஞ்செய்திகளைச் சரிபார்க்கத் தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் பதிவுத் தளம்) முன்பே பதிவாகியிருக்க வேண்டும். 2021 மார்ச்சில் இந்தச் சரிபார்ப்பைக் கறாராக்கியபோது வங்கி ஓடிபிகளே வராமல் போயின, உங்கள் அறிவிப்பு எம்மாத்திரம்! நெருக்கடி வந்த பிறகு பதிவுக்கு அலையாமல் இரண்டு மூன்று பொது வடிவங்களை இப்போதே பதிந்து வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை அறிவிப்புப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: அட்மின் மட்டும் பதிவிடும் அமைப்பு, பதில் சொல்லத் தனி எண். திறந்து விட்ட குழுவில் ஒரு வாரத்தில் குட்மார்னிங்கும் கட்சிப் பதிவுகளும் நிறைந்து, உங்கள் வரைபடம் மேலே எங்கோ போய்விடும். பிராட்காஸ்ட் பட்டியல், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். பலர் இது தெரியாமல் ‘250 பேருக்கு அனுப்பினோம்’ என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். எழுத்தைவிட, அந்த வட்டாரப் பேச்சில் ஒரு நிமிடத்துக்குள் பதிவு செய்த குரல் செய்தி நன்றாகப் பரவும்.

கேள்விகளை வாங்க இரண்டு வழிகள் போதும். ஒன்று தனி அழைப்பு. இருபது நிமிடப் பேச்சு, எழுதும் நேரம், எடுக்காத அழைப்புகள் எல்லாம் சேர்த்தால் ஒருவர் ஒரு நாளில் உருப்படியாக முடிப்பது பத்துப் பன்னிரண்டுதான். 150 வீட்டிடம் பேச இரண்டு பேருக்கு ஏழு நாள் பிடிக்கும். தெரியாத எண் என்று எடுக்காமல் விடுவார்கள். முந்தின நாள் தெருப் பொறுப்பாளர் மூலம் ‘இந்த எண்ணிலிருந்து இந்தப் பெயருள்ளவர் கூப்பிடுவார்’ என்று சொல்லி வையுங்கள். ஒரே சிம்மிலிருந்து நாள் முழுக்க அழைத்தால் ட்ரூகாலரில் ஸ்பேம் என்று சிவப்பு விழும் என்பதால் எண்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்; அந்த எண்கள் எல்லாமே முன்கூட்டிச் சொல்லப்பட்டவையாக இருக்கட்டும். மூன்று முறை, மூன்று வெவ்வேறு வேளையில் முயலுங்கள். இல்லத்தரசிகளுக்குக் காலை 11 மணிக்கு மேல், கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவு 7 மணிக்கு மேல், கடைக்காரர்களுக்கு மதியம். மறுகுடியமர்வு, இழப்பீடு மாதிரியான விஷயங்களில் ஸ்பீக்கரில் போட்டுக் குடும்பமே கேட்டுக்கொண்டிருக்கும். எனவே ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு, ‘ஆமாம்’, ‘இல்லை’, ‘இரண்டாவது’ என்று மட்டும் சொன்னால் போதும் என்கிற மாதிரி கேள்வியை அமையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு விடை புரியாது.

இரண்டாவது, சாதாரண கான்ஃபரன்ஸ் கால். பட்டன் போனிலும் சேரலாம், நெட் வேண்டாம். பெரும்பாலான போன்களில் அழைப்பவரைத் தவிர ஐந்து பேரைச் சேர்க்க முடியும். நான்கு குடியிருப்பாளர்கள், ஐந்தாவது இடத்தில் குறிப்பெடுக்கும் உங்கள் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம், பெயர் சொல்லி வரிசையாகப் பேச வையுங்கள். முகம் தெரியாத பேச்சில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் தொடங்கினால் இருவருமே நிறுத்திவிடுவார்கள். நால்வரும் ஒரே மாதிரி ஆட்களாக இருப்பது நல்லது: நான்கு வாடகைக்காரர்கள், நான்கு மீன் விற்கும் பெண்கள். வீட்டுக்காரரையும் குடித்தனக்காரரையும் ஒரே அழைப்பில் சேர்த்தால் பின்னவர் வாய் திறக்க மாட்டார்.

மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைத்துக் குரலைப் பதிவு செய்யும் ஐவிஆர் முறை (பதிவுக் குரல் கேட்கும் கேள்விக்கு எண்ணை அழுத்தியோ பேசியோ பதில் சொல்வது) வட இந்தியக் கிராமங்களில் நன்றாக வேலை செய்தது. கிராம் வாணி போன்ற அமைப்புகள் கொரோனாவுக்குப் பல ஆண்டு முன்பிருந்தே இதைச் செய்கின்றன. ஒரு வார்டுக்காக நீங்கள் புதிதாக அமைப்பது வீண் செலவு. ஐந்தாறு வார்டு சேர்ந்த திட்டமானால் யோசியுங்கள். அப்போதும் மூன்று தெரிவுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் எட்டுப் பத்து விநாடி காத்திருக்கும்படி அமையுங்கள். டச் போனைக் காதில் வைத்தால் திரை அணைந்துவிடும்; எடுத்து, கீபேடைத் திறந்து, 1ஐ அழுத்துவதற்குள் பல அமைப்புகள் ‘தவறான தேர்வு’ என்று அழைப்பைத் துண்டித்துவிடுகின்றன.

ஜூமை விட்டுவிட வேண்டியதில்லை. பொறியாளர், கவுன்சிலர், ஒப்பந்ததாரர், குடியிருப்போர் சங்க நிர்வாகிகள் ஆகியோருக்கு அது பொருத்தம்தான்.

இவ்வளவு செய்தும், மூன்றாவது ஐந்தாவது வேலைகள் பாக்கி நிற்கும்: மக்கள் ஒருவரை ஒருவர் கேட்பது, அதிகாரி எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்வது. பெரும்பாலான நிறுவனங்கள் 2020இல் கோட்டை விட்டது இங்கேதான். நேர்க்கூட்டத்தில் ஒருவர் துணிந்து ‘மழைக்காலத்தில் ஏன் தோண்டுகிறீர்கள்?’ என்று கேட்டால் பத்துப் பேர் தலையாட்டுவார்கள். அடுத்து பதினோராவது ஆள் தன் பிரச்சினையைச் சொல்வார். தனித்தனிப் போன் பேச்சில் ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் குறை சொல்கிறோமோ என்று அடக்கி வாசிப்பார்கள். இதற்கு வாரம் ஒரு கேள்வி-பதில் தாள் வெளியிடுங்கள். அந்த வாரம் வந்த கேள்விகளுக்கு எண் போட்டு, பெயர் போடாமல், எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கோடு ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ரேஷன் கடை, பால் பூத், டீக்கடை, கோயில், பள்ளிவாசல், சர்ச் வாசல்களில் ஒட்டுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே துறையின் பதில், பதில் சொன்னவரின் பதவி, தேதி. பதில் வரவில்லை என்றால் ‘பதில் வரவில்லை, கேட்ட தேதி இது’ என்றே அச்சிடுங்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் துறையிலிருந்து உங்களுக்கு முதல் போன் வரும். அதனால், வேலை தொடங்கும் முன்பே பதில் தரும் கெடு ஏழு நாள் என்றும், வெற்றிடமாக இருந்தாலும் தாள் வெளியாகும் என்றும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த சுற்று அழைப்பை ‘தாளில் 6ஆம் கேள்வியைப் பார்த்தீர்களா?’ என்று தொடங்கினால், முதல் சுற்றில் மழுப்பியவர்களும் மனம் திறப்பார்கள்.

சிறு கூட்டங்களுக்கு அனுமதி இருக்கும் கட்டத்தில் தெருமுனையில் பத்துப் பேர், ஆறடி இடைவெளி, அரை மணி நேரம் என்று பல அமர்வுகளாக வையுங்கள். 2020 ஏப்ரலில் ரேஷன் கடைகள் நாளும் நேரமும் எழுதிய டோக்கனை வீட்டில் கொடுத்தது போல நீங்களும் கொடுக்கலாம். மக்களுக்குப் பழகிய முறை. மைக்கைக் கைமாற்ற வேண்டாம். பேசுகிறவர் இருந்த இடத்திலிருந்து பேசட்டும், உங்கள் ஆள் அதை மைக்கில் திருப்பிச் சொல்லட்டும். சரியாகப் புரிந்துகொண்டோமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

தெருப் பொறுப்பாளர்களைக் கவுன்சிலர் தரும் பட்டியலிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். தெருவில் எந்தச் சமூகம், எந்தக் கட்சி விடுபடுகிறது என்று பார்த்து நிரப்புங்கள். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். ரீசார்ஜும் மாத மதிப்பூதியமும் கட்டாயம். காய்ச்சல் வந்தால் ஊதியத்தோடு விடுப்பு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றையும் விலைப்புள்ளியில் காட்டுங்கள், லாபத்திலிருந்து கொடுப்பதாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

டெண்டரில் மூன்று நிலைகளை எழுதுங்கள்: வழக்கமான கூட்டம், பத்துப் பேர் வரை மட்டும், வெளியே போகவே முடியாது. அரசாணை வந்த மூன்று வேலை நாளுக்குள் எந்த நிலைக்கு மாறுவீர்கள், யார் முடிவெடுப்பார் என்று குறிப்பிடுங்கள். மண்டபம், டீ, பந்தல் செலவு மிச்சமாகும், ஆனால் ஆள் நேரம் இரட்டிப்பாகும். நேரில் மூன்று வாரத்தில் முடிவது போன் வழியில் ஆறேழு வாரம் ஆகும். மறைத்து எழுதி வேலையைப் பிடித்தால் கடைசியில் கேள்வி-பதில் தாளைத்தான் வெட்டுவீர்கள். அதற்குப் பதில், மாற்று ஏற்பாட்டுச் செலவைத் தனி வரியாக, நடந்தால் மட்டும் கோரும் தொகையாகப் போடுங்கள். போன் பதிவேட்டைப் புதுப்பிக்கும் செலவு மட்டும் இதில் சேராது, அது எப்போதும் ஆகும் செலவு. ப்ரீபெய்டு எண்கள் அடிக்கடி மாறும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு தெருவிலும் பத்து எண்ணை அழைத்துப் பாருங்கள்; மூன்றுக்கு மேல் தவறாகப் போனால் அந்தத் தெருவின் எண்களை மறுபடி சேகரிக்க வேண்டும்.