மேய்ச்சல் தரையும் கதிரியக்கமும் – கடிதம்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உக்ரேனின் செர்னோபில் அணு உலை விபத்தின் பின்னர் பிரித்தானியாவின் மலைப்பக்கத்து ஆடுகளை 26 ஆண்டுகள் கட்டுப்பாட்டின் கீழ் வைத்திருந்தார்கள் என்று நீங்கள் அண்மையில் எழுதியிருந்தீர்கள். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் எங்களுக்கு ஒரு மாட்டுப்பட்டி இருக்கிறது. கொஞ்சம் ஆடுகளும் உண்டு. அந்தச் செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "மழை பெய்தால் புல் கழுவுப்பட்டுப் போகும், பாலைக் காய்ச்சினால் எல்லாம் செத்துப்போகும், பிறகென்ன?" என்று கேட்டார். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. புல்லில் விழுந்த ஒன்று அத்தனை ஆண்டுகள் இறைச்சியில் வந்துகொண்டிருந்தது எப்படி? கூடங்குளத்தில் ஏதும் நடந்தால் எங்கள் பட்டிக்கு என்ன ஆகும்?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மழையைப் பற்றி உங்கள் அப்பா சொன்னது பாதி சரி. இலையில் ஒட்டிய தூசு மழையாலும் காற்றாலும் புதுத்தளிர் விடுவதாலும் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பாதியாகக் குறையும். ஆனால் காற்றில் மிதந்து வரும் கதிரியக்கப் பொருளைத் தரைக்கு இறக்குவதும் பெரும்பாலும் மழைதான். 1986 ஏப்ரல் 26 அன்று உலை வெடித்த இடத்திலிருந்து 2,000 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள பிரித்தானியாவின் கும்பிரியாவும் வடக்கு வேல்ஸும் அகப்பட்டதற்குக் காரணம், அந்தக் கதிரியக்க முகில் மேலே போன மே முதல் நாட்களில் அங்கே பெருமழை கொட்டியதுதான்.

முதல் ஆபத்து பாலில் வரும். உலையிலிருந்து வெளியேறும் அயடீன் 131 என்ற கதிரியக்கப் பொருள் இலையோடு பசுவின் வயிற்றுக்குள் போய், சில மணி நேரத்திலேயே பாலில் தென்படத் தொடங்கி, சில நாட்களில் உச்சத்தைத் தொடும். பகல் முழுக்கப் பரந்த நிலத்தில் மேய்ந்து அங்கே விழுந்ததையெல்லாம் ஒரு மடிக்குள் சேர்த்துத் தருவது பசுவின் இயல்பு. அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையின் கழுத்திலுள்ள கேடயச் சுரப்பி (தைரொயிட்) அயடீனைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1957 ஒக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தபோது, சுற்றியிருந்த ஏறத்தாழ 500 சதுர கிலோமீற்றர் பரப்பின் பாலைச் சில வாரங்களுக்குக் கீழே ஊற்றினார்கள். எட்டு நாளுக்கொரு தரம் பாதியாகக் குறைவதால் அயடீன் இரண்டு மூன்று மாதங்களில் இல்லாதது போலாகிவிடும்.

நீங்கள் கேட்ட 26 ஆண்டுக் கதை சீசியம் 137 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளுடையது. அது பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் வேண்டும். வேதியியலில் அது பொற்றாசியத்தின் உறவு. வேரும் தசையும் இரண்டையும் சரியாகப் பிரித்தறிவதில்லை. சில வகைக் களிமண் சீசியத்தைத் தன் படலங்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு வேருக்குக் கொடுக்காது. பிரித்தானியாவின் மலைத்தரையோ களி குறைந்த, புளிப்பான, மக்கிய கரிமண். அங்கே புல் அதை ஒவ்வோர் ஆண்டும் உறிஞ்சியது, ஆடு தின்றது, புழுக்கையாகவும் சிறுநீராகவும் அதே தரைக்குத் திரும்பியது. சில வாரங்களில் முடிந்துவிடும் என்று எண்ணி 1986 ஜூனில் அந்த ஆடுகள் மீது போட்ட தடை 2012 இல்தான் முற்றாக நீங்கியது. ஆட்டை உயிரோடு பிடித்து, பின்தொடைச் சதையில் அளவுகருவியை வைத்துப் பார்ப்பார்கள். கிலோவுக்கு 1,000 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டும் என்று தெரிந்தால் உரோமத்தில் சாயம் பூசி விடுவார்கள். சாயம் பூசிய ஆட்டைச் சமவெளிக்கு இறக்கி நல்ல புல்லில் மேயவிட்டால், சில வாரங்களில் அதன் உடம்பே சீசியத்தைக் கழித்துவிடும். உங்கள் அப்பா மனதில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே: நஞ்சு நிலைத்திருப்பது தரையில், ஆட்டில் அல்ல.

வன்னி மண்ணை ஒரே மண்ணாக எண்ணிவிட முடியாது. முல்லைத்தீவுக் கரையோர மணலில் சீசியத்தைப் பிடித்துவைக்கக் களி குறைவு. உள்ளே வந்தால், களியோடு ஒட்டியது மாரி வெள்ளத்தில் அரித்துக் குளங்களுக்கு இறங்கும். ஆடி ஆவணியில் வேறெங்கும் பச்சை இல்லாதபோது மாடுகள் இறங்குவது அதே குளத்து அலைகரைக்குத்தான். குட்டைப்புல்லை வேரோடு பிடுங்கிச் சேற்றையும் சேர்த்து விழுங்கும்.

கூடங்குளம் மன்னாரிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. சோளகம் என்ற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் அந்தத் திசையிலிருந்து காற்று நம் பக்கம் வரும், ஆனால் மழை இராது. மாரியில் மழை இருக்கும், காற்று வாடையாக எதிர்த்திசைக்குப் போகும். இது பெரிய ஆறுதல் என்றாலும் முழு ஆறுதல் அல்ல. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மழைக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது.

பாலைக் காய்ச்சுவது கிருமியைத்தான் கொல்லும். அயடீனோ சீசியமோ அதனால் குறையாது. தயிராக உறைய வைத்தாலும் எல்லாம் சட்டிக்குள்ளேயே இருக்கும். நெய்யின் கதை வேறு: சீசியம் நீரோடும் மோரோடும் போய்விடுவதால் உருக்கிய நெய்யில் மிகச் சிறிதளவே எஞ்சும். ஆட்டுப்பாலில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே தரையில் மேய்ந்தாலும், ஆட்டுப்பாலின் ஒரு லீற்றரில் பசுப்பாலைவிட அதிகம் சேரும்.

பட்டியைக் காப்பது தீவனத்தைக் காப்பதுதான். 2011 மார்ச்சில் புக்குஷிமா விபத்து நடந்தபோது, முந்திய அறுவடையின் வைக்கோல் சில வயல்களில் வெளியே கிடந்தது. வெளியில் கிடந்த தீவனம் வேண்டாம் என்ற அறிவித்தல் மாடு வளர்ப்போரை நோக்கிப் போனதே தவிர, வைக்கோல் விற்ற நெல் விவசாயிகளை நோக்கிப் போகவில்லை. மேயாமல் தொழுவத்திலேயே நின்ற மாடுகளின் இறைச்சியில் ஜூலையில் சீசியம் அகப்பட்டது அந்த வைக்கோலால். நோர்வேயில் பிரசியன் நீலம் என்ற சாயப்பொருளைக் குளிகையாக்கி ஆடுகளுக்கு விழுங்கக் கொடுத்தார்கள். அது குடலில் சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும்.

நம்மிடம் அந்தக் குளிகை இல்லை, வைக்கோல் உண்டு. ஆனால் அதுவும் அறுவடை இயந்திரம் வயலில் பரப்பிவிட்டுப் போனபடியே கிடந்து, பாதி எரிந்து, மீதி வெயிலில் காய்கிறது. மேய்ச்சல் தரை எது, காடு எது என்று எல்லை போட்டுத் தராத நாட்டில், காட்டுக்குள் போய் வரும் பட்டியை ஒரு மாதம் மறித்து வைக்கச் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். எனினும் கன்று போட்ட பசுக்களையாவது கட்டி வைத்துக் கொடுக்குமளவுக்கு வைக்கோலைப் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு கூரைக்குக் கீழே ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். அணு உலை வெடிக்காவிட்டாலும் ஆவணி வரட்சிக்கு அது உதவும்.