ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய்

கேள்வி: பீடி சுற்றும் பெண்களுக்கு நெல்லை மாவட்டம் முக்கூடலில் தனி ஆஸ்பத்திரி, அவர்கள் பிள்ளைகளுக்கு உதவித்தொகை! வருமான வரி கட்டும் எங்களைப் போன்றவர்களின் பணத்தை அரசு இப்படி வாரி இறைக்கலாமா?
– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: அந்த ஆஸ்பத்திரி உங்கள் வருமான வரியை நம்பி வந்ததில்லை, ஐயா. பீடித் தொழிலாளர் நல நிதிக்காக 1976-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்த நிதிக்குப் பணம் வர பீடி மீதே ஒரு தீர்வை விதித்தார்கள். கடைசியில் அது ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய். ஆஸ்பத்திரி, உதவித்தொகை, வீடு கட்ட மானியம் எல்லாம் அதை வைத்துத்தான் நடந்தன.

மேலப்பாளையத்திலோ பாப்பாக்குடியிலோ ஒரு தெருவுக்குள் போய்ப் பாருங்கள். மடியில் சொளவு (முறம்), அதில் நனைத்து வெட்டிய இலை, புகையிலைத் தூள், நூல். குனிந்த தலை நிமிராமல் சுற்றினால்தான் ஒரு நாளில் ஆயிரம் தேறும். கூலியும் ஆயிரத்துக்கு, அன்று தீர்வையும் ஆயிரத்துக்கு. தான் சுற்றியதிலிருந்து எவ்வளவு போனது, அது எங்கே வந்தது என்பது அந்தப் பெண்ணுக்கே தெரிந்த கணக்காக இருந்தது.

2017-ல் ஜிஎஸ்டி வந்தது, தீர்வை போனது. பீடிக்கு 28 சதவீத வரி, இலைக்கு 18. (2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் இவற்றை 18, 5 என்று குறைக்க முடிவு செய்தது.) எந்த விகிதமானாலும் அதில் தொழிலாளிக்கென்று ஒரு பைசா சட்டப்படி ஒதுக்கப்படவில்லை. பட்ஜெட்டில் கொடுத்தால் உண்டு. அதிலும் ஜிஎஸ்டி, பொருள் விற்கும் ஊருக்குப் போகிற வரி. முக்கூடலில் சுற்றிய பீடி கொல்லத்தில் விற்றால் மாநிலப் பங்கு கேரளத்துக்குத்தான்.

ஒரு வரியை ஒரே செலவுக்கென்று கட்டிப்போடக் கூடாது, பொதுவில் சேர்த்தால்தான் அவசரத்துக்கு எடுத்துக் கொடுக்க முடியும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் பொதுவில் சேர்ந்ததும் அது யாருடைய உழைப்பின் மீது வாங்கிய வரி என்பது மறந்துபோகிறது. உங்கள் கேள்வியே அதற்குச் சாட்சி.

பீடி கெடுதல், அதன் மீது வரி கூடுதலாகவே இருக்கட்டும். சரி, வரி ஏறி விற்பனை குறைந்தால் அடி முதலில் யாருக்கு? "இந்த வாரம் இலை கொஞ்சம்தான்" என்று பீடிக்கடையில் சொல்லும்போது, பாதிக் கூலியோடு வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு. தூளைச் சுவாசித்து இருமுவதும் அவரேதான். அதனால் பீடி வரியில் மத்திய அரசுக்குப் போகும் பாதியிலிருந்தாவது ஒரு பங்கைப் பழையபடி சட்டத்தில் எழுதி ஒதுக்க வேண்டும்: அவர் நெஞ்சுக்கு மருத்துவம் பார்க்க, அவர் மகளுக்கு வேறொரு தொழில் கற்றுத்தர. நம் மாவட்ட எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்கும்வரை நாமும் அவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.