சலம் பிளேன்ரீ நிறத்தில் போனால் அது சூடு இல்லை

ஒட்டுசுட்டான் சகோதரிக்கு,

நித்திரைக்கென்று நீங்கள் எடுக்கிற, கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய அஸ்வகந்தா (நம்முடைய அமுக்கராதான்) கப்சூலை இன்றைக்கே நிறுத்துங்கள். முடி உதிர்வதையும் வாய்வையும் பிறகு பார்க்கலாம். சிறுநீரகம் பழுதாகிவிடும் என்று யூடியூப்பில் கேட்ட கதையை விட்டுவிடுங்கள். "இது இல்லாமல் இனி நித்திரையே வராதோ" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இது தூக்கக் குளிசை மாதிரி ஆளை அடிமையாக்கும் மருந்து அல்ல. நிறுத்தினால் பழைய நித்திரைக் குழப்பம் திரும்பலாம், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் தந்தது உங்கள் கடைசி வரி. சலம் பால் விடாத பிளேன்ரீ மாதிரிப் போகிறது, உடம்பெல்லாம் அரித்துக் கடிக்கிறது, சூடாக இருக்கும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சூடு இல்லை அம்மா, ஈரலாக இருக்கலாம். அமுக்கரா சிலருக்கு ஈரலைத் தாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் தொடங்கி 2 முதல் 12 கிழமைக்குள் வரும். உங்களுக்கு இது 7ஆவது கிழமை. அம்மம்மா பாலில் கலந்து தந்த அமுக்கராப் பொடிதானே என்கிறீர்கள். கப்சூலில் இருப்பது பெரும்பாலும் செறிவாக்கிய சாறு.

பகல் வெளிச்சத்தில் கீழிமையை இழுத்து வெள்ளைவிழியைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நாளைக் காலையே வைத்தியசாலைக்குப் போங்கள். போத்தலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காய்ச்சலோ, கெண்டைக்கால் நோவோ, ஓயாத சத்தியோ இருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் வயலில் இறங்குகிறவர், எலிக்காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும். நேரத்தோடு கப்சூலை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு ஈரல் சில மாதங்களில் தானாகவே தேறிவிடும். தயவு செய்து கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். அப்படிப் பத்து நாளைக் கடத்திவிட்டு, நினைவு தடுமாறிய நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தைரொயிட்டுக்குத் தைரொக்சின் குளிசை எடுக்கிறவர் நீங்கள். அமுக்கரா தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடியது. கிளினிக்கில் கேட்காமல் ஏன் தொடங்கினீர்கள்? உங்கள் நெஞ்சு படபடப்புக்கும் அது காரணமாக இருக்கலாம், தைரொயிட் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்தே செய்யுங்கள்.

சரி, நித்திரை. அமுக்கரா கொஞ்சம் உதவும் என்று சிறிய ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் 2009இலிருந்து இரவு 2 மணிக்கு நெஞ்சு திடுக்கிட்டு எழும்புகிறீர்களே, அது போத்தலில் தீருகிற விஷயம் இல்லை. மனநலக் கிளினிக்குக்குப் போனால் பைத்தியம் என்பார்கள் என்று பயப்பட வேண்டாம். இதே திடுக்கிடலோடு அங்கே வருகிறவர்கள் நிறையப் பேர்.

மிச்சக் கப்சூலை மச்சாளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். அவர் 5 மாதக் கர்ப்பிணி. கொடுக்கவே கூடாது.