பதில்: ஓவர்குளொக் செய்தாப் பிறகு கேம் திக்கித் திக்கி ஓடுது

தம்பி, உங்கட கம்ப்யூட்டரின்ர ஐ5 9600கே ப்ரொசசர் சிப்பை ஓவர்குளொக் செய்து, அதாவது கம்பனி வச்ச வேகத்துக்கு மேல 5 கிகாஹேர்ட்ஸுக்கு ஏத்தினாப் பிறகு, முதல் பத்து நிமிசம் நல்லா ஓடி, பிறகு எஃப்பிஎஸ் (ஒரு செக்கனுக்கு வாற படங்களின்ர எண்ணிக்கை) பாதியா விழுகுது எண்டிருக்கிறீங்கள். கிராபிக்ஸ் கார்ட் வாங்க ஓடாதீங்கோ, இது சூடுதான் போல. அந்தச் சிப் 100 பாகை செல்சியஸைத் தொட்டா தானே வேகத்தைக் குறைக்கும். சூட்டையும் வேகத்தையும் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ எண்ட மென்பொருளைத் திறந்து வச்சு விளையாடுங்கோ. தெர்மல் த்ரொட்லிங் (சூட்டால வேகம் குறையிறது) வரியில 'யெஸ்' விழுந்தா அதேதான்.

சூட்டுக்குக் கூலரில அடைஞ்ச ஊத்தையும் காரணமா இருக்கலாம். என்ர வீடு திருகோணமலை உப்புவெளியில கடற்கரைக்குக் கிட்ட. போன கச்சான் காத்துக்குப் பிறகு சிப்பைக் குளிராக்கிற கூலரைக் கழட்டினா, தகடுகளுக்கு இடையில உப்பும் தூசும் பாய் விரிச்ச மாதிரிப் படிஞ்சு கிடந்தது! அதைத் தட்டித் துப்புரவாக்கக் காஞ்ச பெயின்ட் பிரஷ் ஒண்டு போதும். சிப்புக்கும் கூலருக்கும் இடையில பூசுற தெர்மல் பேஸ்டையும் புதுசாப் பூசுங்கோ. அதுவரைக்கும் வேகத்தை 4.7 கிகாஹேர்ட்ஸுக்கு இறக்கி, வோல்டேஜையும் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ. அந்த 300 மெகாஹேர்ட்ஸ் போறது கேமில கண்ணுக்கே தெரியாது.